‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’: ஒரு முகநூல் பதிவும் அதன் வழக்கும்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) பொறுப்பாளர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், மகளையும் மருமகனையும் உடன் அழைத்துக்கொண்டு சிறுமலைக்குச் சுற்றுலா சென்றார். திண்டுக்கல் மாவட்டத்தில் 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் அந்த மலை, வாழைப்பழத்துக்குப் பேர்போனது. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் விடுமுறை நாளில் காலையில் போய் மாலையில் திரும்பும் இடம். அங்கே எடுத்த படங்களை அவர் தம் முகநூல் பக்கத்தில் வெளியிட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று தலைப்பிட்டார். புரட்சி பேசும் கட்சிக்காரர் தம்மைத் தாமே கிண்டல் செய்துகொண்ட ஒரு வரி அது. வாடிப்பட்டி காவல் துறை அதை அப்படிப் படிக்கவில்லை.

அவர்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 120பி, 122, 505(1)(பி), 507 ஆகிய பிரிவுகளின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவானது. குற்றச் சதி, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கும் நோக்கில் ஆயுதம் திரட்டுதல், பொதுமக்களிடையே அச்சத்தை விளைவிக்கும் வகையில் செய்தி வெளியிடுதல், முகம் மறைத்து மிரட்டல் விடுத்தல் என்பன அவற்றின் பொருள். இவற்றுள் 122-ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளிப்பது. காவல் துறை அவரைக் கைது செய்து, நீதிமன்றக் காவலில் வைக்கக் கோரி வாடிப்பட்டி குற்றவியல் நடுவர்முன் நிறுத்தியது. நடுவர் ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். பின்னர் வழக்கை ரத்து செய்யக் கோரிக் கட்சிப் பொறுப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுக, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2021 டிசம்பர் 17 அன்று முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தார்.

இணையத்தில் அரசியல் பேசலாமா, ஒதுங்கியிருப்பதே நல்லதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம்மிடையே அது குணத்தைப் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் கட்சிச் செய்திக்குப் பதில் எழுதினால் உறவு கெடுமா, அலுவலகத்தில் பெயர் கெடுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கவலைகள் சின்னவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சாதாரண மனிதரை உண்மையில் வாயடைக்க வைப்பது எது, அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, சட்டத்தை நடத்துகிறவர்களின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க, சிறுமலை வழக்கைப்போல் தெளிவான நிகழ்வு தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் எண்ணம்.

பிரிவு பிரிவாக

தீர்ப்பின் நகைச்சுவைதான் அப்போது நாளிதழ்களில் தலைப்பானது. அரசியலமைப்பின் 51ஏ பிரிவிலுள்ள அடிப்படைக் கடமைகளோடு சிரிக்கும் கடமையையும் சேர்க்க வேண்டும் என்று ஓர் அங்கத எழுத்தாளர் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால் சொல்லியிருப்பார் என நீதிபதி தொடங்கினார். எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வங்கத்தில் தாகூர், தமிழ்நாட்டில் பெரியார், மராட்டியத்தில் சிவாஜியும் சாவர்க்கரும் என ஒவ்வோர் இடத்திலும் தொடக்கூடாத ஒரு புனிதப் பசு உண்டு. நாடு முழுமைக்கும் பொதுவான புனிதப் பசு ‘தேசப் பாதுகாப்பு’ என்றும் அவர் எழுதினார். அந்த நீதிபதியின் பிற தீர்ப்புகளைப் பற்றிப் பலருக்கும் பலவிதமான கருத்துகள் உண்டு. அவை இங்கே பொருளல்ல.

நமக்கு வேண்டியது நகைச்சுவைக்குப் பின்னால் உள்ள சட்டக் கணக்கு. குற்றச் சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் உடன்பட்டிருக்க வேண்டும். இங்கே குற்றம்சாட்டப்பட்டவர் ஒருவர்தான். போர் தொடுக்க ஆயத்தம் செய்தார் என்றால் ஆள் திரட்டியிருக்க வேண்டும், ஆயுதம் சேர்த்திருக்க வேண்டும்; உடன் போனவர்கள் மகளும் மருமகனும், ஆயுதம் என்று கைப்பற்றப்பட்டது எதுவுமில்லை. பொது அச்சத்தை விளைவித்தார் என்றால், அந்தப் படத்தையும் தலைப்பையும் பார்த்த நியாயமான மனிதர் எவரும் பயந்திருக்க மாட்டார், சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார்.

நான்காவது பிரிவுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 507-ஆம் பிரிவு, யார் மிரட்டுகிறார் என்று தெரியாதபடி பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து விடுக்கும் மிரட்டலுக்கானது. இவரோ தம் சொந்தப் பெயரில், சொந்தப் பக்கத்தில், சொந்த முகத்தோடு பதிவிட்டவர்; ஆகவே பிரிவின் முதல் படியிலேயே குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. அரசியல் பேசுவதென்றால் புனைபெயரில் பேசு, பொய்க் கணக்கில் பேசு என்று அறிவுரை சொல்வோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவரை எதிர்த்து உண்மையை வெளியே கொண்டுவருகிறவருக்குப் புனைபெயர் காப்பாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரணக் கருத்தைச் சொல்கிற சாதாரண மனிதருக்கு, ஒளிந்து பேசியதே தீய நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆபத்து இருக்கிறது. வெளிப்படையாகப் பேசியது இந்த வழக்கில் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது.

இதற்கு முன் நடந்தது

சிறுமலை வழக்கைத் தனித்த வேடிக்கையாகப் பார்ப்பது தவறு. அதன் வேர் ஒன்பது ஆண்டுகள் பின்னால் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்டு 2009-இல் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவு, ‘பெரிதும் மனம் புண்படுத்தும்’ செய்தியையும் ‘எரிச்சலூட்டும்’ செய்தியையும் மூன்றாண்டு வரை சிறைவைக்கத்தக்க குற்றமாக்கியது. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர், கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக, கார்த்தி சிதம்பரத்தின் புகாரின்பேரில் அதிகாலையில் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கைதுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். புகார் கொடுத்தவர் மறைக்க நினைத்த வரியைப் புகாரே நாடெங்கும் கொண்டுசேர்த்தது.

அடுத்த மாதம் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை அடைத்துக்கிடந்ததைக் கேள்வி கேட்டு, மராட்டியத்தின் பால்கர் என்ற ஊரிலிருந்து ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இருவருமே கைது செய்யப்பட்டார்கள்; எழுதியவரின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு வழக்கு முடித்துவைக்கப்பட்டது, காவல் அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். லைக் போட்டவரும் கைதானார் என்பதுதான் இந்தத் தலைமுறையின் மனத்தில் ஆழமாகத் தைத்த செய்தி என்று நினைக்கிறேன். பேசாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, பிறர் பேச்சுக்குத் தலையசைக்காமல் இருப்பதற்கும் அன்றிலிருந்து மக்கள் பழகிக்கொண்டார்கள்.

இந்தக் கைதுகளைப் பார்த்துத்தான் ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏ பிரிவை முற்றாக நீக்கியது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, செயலுக்குத் தூண்டிவிடுவது வேறு. முதல் இரண்டும், எவ்வளவு பேருக்குப் பிடிக்காத கருத்தாக இருந்தாலும், பேச்சுரிமையின் உயிர்நாடி. மூன்றாவது நிலைக்குப் போகும்போதுதான் அரசு குறுக்கிடலாம் என்று அத்தீர்ப்பு கோடு போட்டது. கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஆறு ஆண்டுகள் கழித்தும், இல்லாத 66ஏ பிரிவில் காவல் நிலையங்கள் வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது, 2022 அக்டோபரில் அத்தகைய வழக்குகளையெல்லாம் கைவிட உத்தரவிட்டது. டெல்லியில் செத்த பிரிவு வட்டார அளவில் உயிரோடு நடமாடியது.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு

சிறுமலைத் தீர்ப்பு வந்த வாரத்திலேயே அதே நீதிபதி வேறு இரண்டு வழக்குகளிலும் இணையப் பேச்சைப் பற்றித் தீர்ப்பளித்தார். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகிறது.

ஒன்று, யூடியூபர் மாரிதாஸ் வழக்கு. குன்னூரில் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உயிரிழந்ததை ஒட்டி, தி.மு.க. ஆட்சியில் தமிழ்நாடு காஷ்மீராக மாறுகிறதா என்ற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். மதுரையில் கைது செய்யப்பட்டு நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14 அன்று வழக்கு ரத்தானது. அவர் சொன்ன கருத்து எனக்கு உடன்பாடில்லை. அது நியாயமற்ற பேச்சு என்றே நினைக்கிறேன். ஆனால் சிறுமலைக்காரரையும் இவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் இடதுசாரி, மற்றவர் வலதுசாரிகளின் குரல். இருவர்மீதான வழக்கும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. வேறுபாடு நடுவில் இருக்கிறது: ஒருவரைக் காவலில் வைக்க நடுவர் மறுத்தார், மற்றவர் சிறைக்குப் போனார். முடிவு ஒன்றாக இருந்தும், அந்த முடிவு வரும் வரை பட்ட பாடு ஒன்றாக இல்லை. சிறுமலைத் தீர்ப்பில் நீதிபதி, வாடிப்பட்டி நடுவரைப் பெயர் சொல்லிப் பாராட்டி, பிற நடுவர்களும் இவ்வாறே நடக்க வேண்டும் என்று எழுதியதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு. குழுவில் ஓர் உறுப்பினர் இரு சமூகத்தாரிடையே மனக்கசப்பை உண்டாக்கும் செய்தியைப் பதிவிட்டார் என்று புகார் எழுந்து, குழுவின் அட்மின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டது. அட்மின் என்ற பொறுப்பைத் தவிர வேறு பங்கு அவருக்கு இல்லையென்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று டிசம்பர் 15 அன்று உத்தரவானது. அதே ஆண்டு மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளையும் உறுப்பினரின் செய்திக்கு அட்மின் பொறுப்பாக முடியாது என்று சொல்லியிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் ‘இங்கே அரசியல் வேண்டாம், அட்மினுக்குத்தான் சிக்கல்’ என்று அடிக்கடி வரும் எச்சரிக்கைக்குச் சட்ட ஆதாரம் எவ்வளவு மெலிந்தது என்பதை இது காட்டுகிறது. குழு எதற்காக உண்டானதோ அதைப் பேச இடம் வேண்டும் என்பதற்காக அரசியலை ஒதுக்கிவைப்பது நியாயமான நிர்வாகம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற தகவல் தேர்தல் சண்டைக்குள் புதைந்துபோகக் கூடாதுதான். அந்தக் காரணத்தை நேராகச் சொல்லலாம், சிறையைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை.

நிற்காத வாதம்

இவ்வளவும் படித்தவர், எதை எழுதினாலும் உயர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று முடிவுகட்டக் கூடாது. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் வகையில் வேறொருவர் எழுதிய பதிவை 2018 ஏப்ரலில் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் வாதம். கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்ததால் சரியாகப் படிக்க முடியவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை சொல்லப்பட்டது. வழக்கை ரத்து செய்ய மறுத்த உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில், பகிர்ந்த செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைப் போன்றது, எய்தவர் விளைவை ஏற்றாக வேண்டும் என்றது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

சிறுமலைக்காரர் எழுதியது தம் சொந்த வரி, தம்மையே கேலி செய்தது, யாரையும் குறிவைக்காதது. சேகர் பகிர்ந்தது பிறருடைய வரி, குறிப்பிட்ட பெண்களின் மானத்தைக் குறிவைத்தது. அதை அரசியல் பேச்சு என்று அழைப்பதே அரசியலுக்கு அவமதிப்பு. ஒதுங்குவதா ஈடுபடுவதா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும், சொந்தக் கருத்தை எழுதுவது ஆபத்து, வந்ததை ஃபார்வேர்ட் செய்வது ஒன்றுமில்லை என்று நம்புகிறார்கள். அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. சொந்தக் கருத்தை எழுதுகிறவர் ஒருமுறையாவது யோசித்து எழுதுகிறார், அதற்குக் காரணம் சொல்லவும் அவரால் முடியும். ஃபார்வேர்ட் செய்கிறவர் தாம் படிக்காததற்கும் பொறுப்பாகிறார். அரசியலே பேசுவதில்லை என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ பேர், காலை வணக்கத்தோடு சேர்த்து ஒரு சமூகத்தைப் பற்றிய அவதூறையும் தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நாம் அறியாததல்ல.

ஒதுங்குவதன் கணக்கு

ஒதுங்கியிருப்பவரை நான் கோழை என்று சொல்லத் தயாரில்லை. அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை என்றால் கடவுச்சீட்டுச் சரிபார்ப்பிலிருந்து அடுத்த வேலைக்கான பின்னணி விசாரணை வரை தொல்லை. வழக்கு ரத்தாகும் என்று தெரிந்திருந்தாலும், ரத்தாகும் வரை வக்கீலுக்குப் பணம், மதுரைக்கு அலைச்சல், ஊரில் பேச்சு. தண்டனையே இல்லாத வழக்கில் நடைமுறையே தண்டனையாகிவிடும்போது, நமக்கேன் வம்பு என்பது கணக்குத் தெரிந்தவரின் முடிவு. சிறுமலைக்காரர் ஒரு கட்சிக்காரர்; கைதும் நீதிமன்றமும் அவருடைய வாழ்க்கையின் ஓர் அங்கம், அவருக்காக வந்து நிற்கத் தோழர்கள் இருந்திருப்பார்கள். அதே வரியை ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இல்லாததால் ஒரு விளைவு உண்டாகிறது. கட்சிகளின் ஐ.டி. பிரிவினர் ஒதுங்குவதில்லை, பேசுவதே அவர்கள் வேலை, வழக்கு வந்தால் வக்கீல் அணி இருக்கிறது. இழப்பதற்கு வேலையும் குடும்பமும் உள்ளவர், இரு பக்கத்திலும் நியாயம் பார்க்கத் தெரிந்தவர், நியாயவிலைக் கடையில் பருப்பு வரவில்லை என்பதைக் கட்சி பார்க்காமல் சொல்லக்கூடியவர், அவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்கிறார். பிறகு இணையத்தில் எஞ்சும் அரசியல் பேச்சைப் பார்த்து, இது சாக்கடை, இதில் இறங்கக் கூடாது என்று அவரே சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். அவர் விலகியதும் அது அப்படி ஆனதற்கு ஒரு காரணம்.

எனவே எனக்குத் தெளிவாகப் படுவது: உள்ளூர் நிர்வாகம், அரசின் திட்டம், சட்டமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பு, வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் போன்ற சரிபார்க்கக்கூடியவற்றைப் பற்றிச் சொந்தப் பெயரில், சொந்தச் சொற்களில் எழுதுவதற்கு இன்றைய சட்டநிலையில் அஞ்சத் தேவையில்லை. மரணம் நிகழ்ந்த அன்று, கலவரம் நடக்கும் மணி நேரத்தில், ஊர் கொதித்திருக்கும்போது எழுதுவதைத் தள்ளிப்போடலாம். பால்கரும் குன்னூரும் இரண்டுமே மரணத்தை ஒட்டி எழுதப்பட்ட வரிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் அப்போதும் மாறுவதில்லை, ஆனால் காவல் நிலையத்தின்மேல் உள்ள அழுத்தம் மாறிவிடுகிறது. நகைச்சுவைக்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு: தெரிந்தவர்களுக்காக எழுதிய வரியைத் தெரியாதவர்கள் படிக்கும்போது தொனி கழன்றுபோய்ச் சொல் மட்டும் மிஞ்சுகிறது. ‘துப்பாக்கிப் பயிற்சி’ என்று படித்தவுடன் சிரிக்க, எழுதியவரையும் சிறுமலையையும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்று அதே பதிவு வந்தால்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. எண்கள் மாறினவே தவிர, சிறுமலை வழக்கில் சாட்டப்பட்ட குற்றங்கள் எல்லாம் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டத்தில்தான் ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் பற்றிப் புகார் வந்தால், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, முகாந்திரம் உண்டா என்று 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

இந்தப் பிரிவுக்குப் பேச்சுரிமையோடு முடிச்சுப் போட்டது 2025 மார்ச் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மாநிலங்களவை உறுப்பினரும் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி, பின்னணியில் ஒரு கவிதை ஒலிக்கும் காணொளியைச் சமூக வலைத்தளத்தில் வெளியிட்டதற்காகக் குஜராத்தின் ஜாம்நகரில் வழக்குப் பதிவாகியிருந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்திருந்தது. நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை ரத்து செய்தது. சொல்லின் விளைவை மனத்திடமும் துணிவும் உள்ள நியாயமான மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதைக் கண்டாலும் கலங்குபவரின் அளவுகோலால் பார்க்கக் கூடாது என்றது. பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய குற்றங்களில் வழக்குப் பதியும் முன் 173(3) பிரிவின்படி முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்றும் சொன்னது.

வாடிப்பட்டியில் அன்று இந்த 14 நாள் இருந்திருந்தால், முகநூல் படத்தைப் பார்த்த ஓர் அதிகாரி சிறுமலைக்குப் போன மூவரிடம் நாலு கேள்வி கேட்டுக் கோப்பை மூடியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. போர் தொடுக்க ஆயுதம் திரட்டும் குற்றம் புதிய சட்டத்தின் 149-ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. ஏழாண்டு வரம்பைத் தாண்டியதால் அதற்கு 173(3) பிரிவின் காப்பு கிடையாது. ஆகவே ஒரு கேலி வரிக்கு மூன்றாண்டுத் தண்டனைக்குரிய பிரிவை மட்டும் போட்டால் அதிகாரி முதலில் விசாரிப்பதே முறையாக இருக்கும். அபத்தமான அளவுக்குப் பெரிய பிரிவு ஒன்றையும் கூடவே சேர்த்துவிட்டால், விசாரிக்காமலேயே கைது செய்ய வழி இன்னும் திறந்தே கிடக்கிறது.